வாசல்ல மிச்சமான ஜோடி

கல்யாண மண்டப வாசல்ல ஒரு ஜோடி தேஞ்ச செருப்பு கெடந்துச்சு. பந்தி முடிஞ்சு கூட்டமே கெளம்பிருச்சு, இதுங்க ஓனரை மட்டும் காணோம்.

"பயமா இருக்குடா. பக்கத்துல இருந்த புதுச் செருப்பு எங்க?"ன்னு கேட்டுச்சு இடது.

"அதோட ஆளு போட்டுட்டுப் போயிட்டாரு"ன்னுச்சு வலது.

"நீ பாத்ததை மட்டும் சொல்லு."

"ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தாரு. அவசரமா காலை நுழைச்சாரு. குதிகால்ல பிளாஸ்திரி, நம்மாளு மாதிரியே."

"தன் செருப்பைப் போட எவன்டா சுத்திமுத்திப் பாப்பான்?"

"அப்போ அது நம்மாளேதானா?"ன்னுச்சு வலது.

கடைசி ஆளா ஒருத்தர் உள்ளருந்து வந்து, தன் புதுச் செருப்பை வாசல் முழுக்கத் தேடினாரு. அப்புறம் இதுங்க முன்னாடி வந்து நின்னாரு.

அவரும் ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தாரு.