அருணாக்கொடி

உடம்பில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். மலக்குடல் கட்டி எவ்வளவு தூரம் வேர்விட்டிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குத் தேதி சொல்வார்களாம். மருதப்பனுக்கு இது மூன்றாவது ஆஸ்பத்திரி. சொன்னதும் மோதிரத்தைக் கழற்றினார், பல்செட்டைக் கழற்றினார். இடுப்பில் வெள்ளி அருணாக்கொடி மட்டும் மிச்சம். கல்யாணத்துக்குப் போட்டது, அதன் கொக்கி இறுகிப்போய்ப் பல வருஷமாகிறது.

“கட்டர் கொண்டு வர்றேன், வெட்டிரலாம்” என்றாள் அந்தப் பெண்.

அவர் மனைவி செல்லக்கிளி ஸ்கேன் அறை வாசலை மறித்து நின்றாள். “ஆம்பள அருணாக்கொடிய எப்ப அறுப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா தாயி? பொணத்துக்குத்தான் அறுப்பாங்க. உசுரோட நிக்கிற மனுசனுக்கு அறுக்க விடமாட்டேன்.”

“இடுப்புக்கிட்டதானம்மா படமே எடுக்கணும்? எல்லாம் கலங்கிப்போயிடும்.”

இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மருதப்பனுக்கு உட்கார்ந்தால் வலி, நின்றால் அசதி. இரண்டு மாதமாக வேட்டியை இறுக்கிக் கட்டி மனைவியிடம் மறைத்து வந்தார். இனி மறைக்கவும் தெம்பில்லை.

“சண்ட போடாதீங்க” என்றபடி, ஆஸ்பத்திரி கவுனுக்குள் கைவிட்டு வேட்டியை அவிழ்த்து உருவினார்.

அருணாக்கொடி இடுப்பில் நிற்கவில்லை. வழுக்கி இறங்கி, இரண்டு பாதங்களையும் சுற்றித் தரையில் வட்டமாக விழுந்தது.

“அட, வெட்டவே வேண்டாமே!” என்றாள் அந்தப் பெண், சந்தோஷமாக.

அவர் ஒவ்வொரு காலாகத் தூக்கி வட்டத்துக்கு வெளியே வைத்தார். செல்லக்கிளி வாசலைவிட்டு விலகி வழிவிட்டாள்.