நான்கு காலில் நின்ற கடலாமை

அருங்காட்சியகச் சுவரில் பழங்காலக் கடலாமைப் படமொன்று தொங்கியது. பஞ்சடைத்துப் பாடம் செய்த உடலை மட்டுமே கண்டிருந்த ஓவியர், ஆமையை எருமைபோல் நான்கு காலில் நிமிர்ந்து நிற்க வரைந்திருந்தார். கீழே, மணல்தொட்டியில் உயிருள்ள கடலாமை கிடந்தது. வந்தவர்களெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு, கீழே கிடந்ததைக் காட்டி, "இது ஆமை மாதிரியே இல்லையே" என்று கடந்து போனார்கள்.

அவமானம் தாங்காத ஆமை, "எப்படி அக்கா நிற்கிறீர்கள்?" என்று படத்திடம் கேட்டது.

"நான் எங்கே நின்றேன், தங்கச்சி? ஆணியில் அல்லவா தொங்குகிறேன்" என்றது படம்.

ஆமை துடுப்புகளை ஊன்றி எழுந்தது. மறுகணமே மல்லாந்து விழுந்தது.

அப்போது வந்த காப்பாளர் ஆமையையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "படத்தைத் தலைகீழாக அல்லவா மாட்டியிருக்கிறோம்" என்று வருந்தி, அதைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனார்.

"என்னை யாராவது புரட்டிவிடச் சொல்லுங்கள், அக்கா" என்று ஆமை முனகியது.

"பொறுத்துக்கொள், தங்கச்சி. இப்போதுதான் உன்னை ஆமையென்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்."