பார்க்க வராத தம்பி

"இருக்கிறதுக்கு வரேல்லை சித்தப்பா. அப்பாவை ஏன் ஒருக்காலும் வந்து பாக்கேல்லை எண்டு கேக்க வந்தனான்."

இராசதுரை நகர்த்திவைத்த கதிரையில் தர்சிகா உட்காரவில்லை. திருகோணமலையிலிருந்து சல்லிக் கிராமத்துக்கு வரும் வழியெல்லாம் அடக்கிவைத்திருந்த கோபம், முற்றத்தில் கால்வைத்ததும் கொட்டிவிட்டது. அவளுடைய தந்தை சின்னராசாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கட்டியை வெட்டியெடுத்து மூன்று மாதமாகிறது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. சைக்கிள் ஓடும் தூரத்தில் இருக்கும் கூடப்பிறந்த தம்பி இராசதுரை மட்டும் வரவில்லை.

இராசதுரை பாயில் காய்ந்த நெத்தலி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அது அவளை மேலும் சுட்டது. ஒன்றும் விடாமல் சொன்னாள். முதலில் மலத்தோடு இரத்தம் போனது. மூலம் என்று அப்பா கைமருந்து குடித்தார். உள்ளே கசிந்துகொண்டே இருந்த இரத்தத்தால் முகம் வெளிறி, நாலு அடி நடக்கவே மூச்சு வாங்கியது. சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு வற்றியது. கட்டி வளர்ந்து குடலின் வழியை அடைத்தபோது வயிறு வீங்கி, வாந்தியெடுத்து, மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இப்போது மலம் போக வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தியிருக்கிறார்கள். நோய் ஈரலுக்கும் போய்விட்டது.

"அந்தப் பையை நான்தான் மாத்திறன். அவர் வெக்கத்திலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளுவார். உங்களுக்கு நெத்தலி பெரிசாப் போச்சு."

இராசதுரை பாயின் மறுபக்கத்துக்கு நகர்ந்தார்.

"அவருக்காண்டி வராட்டியும் உங்களுக்காண்டி வாங்கோ. கூடப்பிறந்த ஆக்களும் குடலுக்குள்ளை குழாய் விட்டுச் சோதிக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"எனக்குச் சோதிச்சாச்சு, பிள்ளை."

அவர் சேர்ட்டை உயர்த்தினார். வயிற்றின் நடுவே நீளமாக ஒரு தழும்பு. ஆறு வருடத்துக்கு முன் கொழும்பில் வெட்டியது. குடலிறக்கம் என்றுதான் அப்போது எல்லோருக்கும் சொல்லப்பட்டது.

"உதுவும் இதே புற்றுநோய் வருத்தந்தான்" என்றார்.

தர்சிகா இரண்டடி முன்னால் வந்தாள். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவையும் சோதித்திருக்கலாம். கட்டி கடுகளவாக இருந்தபோதே எடுத்திருக்கலாம்.

"நீங்கள் வாயைத் திறந்திருந்தா அவர் தப்பியிருப்பார். கூடப்பிறந்தவரிட்டையே மறைக்க எப்பிடி மனம் வந்தது?"

இப்போதுதான் இராசதுரை அவளை நேராகப் பார்த்தார். அவருடைய குரலிலும் நெடுநாள் கோபம் இருந்தது.

"அண்ணாவிட்டை நான் ஒண்டும் மறைக்கேல்லை. குடும்ப வருத்தமெண்டு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டார் மாறிப்போவினம், ஒருத்தருக்கும் மூச்சு விடாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினதே அவர்தான். நீங்களும் சோதியுங்கோ எண்டு எத்தினை தரம் கெஞ்சினனான், கேக்கேல்லை; அந்தக் கோபத்திலைதான் வந்து பாக்கேல்லை. முதல்லை, உன்ர கலியாணம் முடியட்டும் எண்டார். பிறகு, உன்ர பிள்ளைப்பேறு முடியட்டும் எண்டார்."