பன்னிரண்டு ரசீதுகள்

குள்ளம்மாள் மஞ்சள் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. உள்ளே பன்னிரண்டு மனு ரசீதுகள் இருந்தன. பக்கத்து வீட்டுச் சுமலதாவை இன்று மதியத்துக்குள் சட்டி பானையோடு வெளியே அனுப்ப அவை போதும்.

வீட்டுவசதி வாரியம் கட்டிய அந்த வாடகைக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மேசை போட்டிருந்தார்கள். குடியிருப்பவர்களே வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பத்து வருடம் விடாமல் குடியிருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். இல்லாதவர் காலி செய்ய வேண்டும். வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

குள்ளம்மாளின் பதின்மூன்றாம் எண் வீடு போன வாரமே சரியாகிவிட்டது. பதினான்காம் எண்ணும் காலியானால், இண்டூரில் வாடகைக்கு இருக்கும் மகன் குரு பேருக்கு மனு எழுதிப் போட்டு, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மருமகள் வருவாளா என்பதை மட்டும் அவள் யோசிக்க விரும்பவில்லை.

சுமலதாவிடம் ஒரு காகிதமும் கிடையாது என்பது மாடி முழுக்கத் தெரிந்த விஷயம். வீடும் கரண்டு பில்லும் செத்துப்போன தாய்மாமன் பேரில். ஆதாரும் ரேஷன் கார்டும் அவளை விரட்டிவிட்ட புருஷன் ஊர் விலாசத்தில். அதை மாற்றப் போன இடத்தில், இந்த வீட்டில்தான் இருக்கிறாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"பதினாலாம் நம்பருக்கு ஆட்சேபணை சொல்றது யாருங்க?" அதிகாரி தமிழ்ச்செல்வன் தலை தூக்கினார்.

"நானுங்க சார். பக்கத்து வூடு. இந்தப் பொம்பளைக்கு வூட்ட எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் தொப்பூர் கணவாயில போயி லாரிக்கு முன்னால படுத்துக்க வேண்டியதுதான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "லாரிக்காரன் பாவம்க்கா!"

சுமலதா தூணோரமாக நின்றாள். தொப்பூர் ஓட்டலில் பாத்திரம் தேய்த்து வெளுத்த விரல்களை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"அப்படி என்ன பண்ணிட்டாங்க?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க! வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்கு முந்துன வாரம் என் கோலத்து மேல தண்ணிய ஊத்துவா. நல்ல நாள் பாத்து என் வாசல நாறடிக்கணும், அதான் அவ எண்ணம்."

உண்மைதான். மற்ற நாட்களில் ஒரு சொட்டு சிந்தாது. குழாய் வறண்டு ஊரே லாரித் தண்ணிக்கு வரிசையில் நின்ற வருடத்தில்கூட, சுமலதா ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போனாள். பதிலுக்குக் குள்ளம்மாள் ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமை பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுப்பாள். வாரியத்து ஆள் வந்து சுமலதாவை எச்சரித்துக் கையெழுத்து வாங்கிப் போவார்.

மனு கொடுத்துத் திரும்பும்போது சுமலதா தன் வாசலிலேயே நிற்பாள். "ரசீது வாங்கினீங்களாக்கா?" என்று கேட்பாள். அந்த நக்கலுக்காகவே குள்ளம்மாள் ரசீதுகளை ஒரு மடிப்புக்கூட விழாமல் பாதுகாத்தாள். புருஷன் போனபின், எங்கே போய் வருகிறாய் என்று அவளைக் கேட்கிற ஒரே ஆள் அந்தச் சண்டைக்காரிதான். இதை அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ரசீதுகள், மனு நகல்கள், விசாரணை செய்ததாக வந்த பதில் கடிதங்கள் எல்லாம் மேசையில் பரவின.

தமிழ்ச்செல்வன் தேதி வாரியாக அடுக்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பன்னண்டு வருசமும் இவங்கதானா? நடுவுல வேற யாராவது குடியிருந்தாங்களா?"

"வேற யாருங்க? இவதான். இந்த மூஞ்சியிலதான் நான் தெனமும் முழிக்கறேன்."

"கொஞ்ச நாள் ஊருக்குக் கீருக்குப் போயி இருந்தாங்களா?"

"எங்க போனா? ஒரு மாசம் போயிருந்தாலும் நான் நிம்மதியா இருந்திருப்பனே!"

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"எங்க வேணாலும் போடறேன் சார்."

போட்டாள். அழுத்திப் போட்டாள். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது அவளுக்கு உறைக்கவில்லை.

தமிழ்ச்செல்வன் காகிதங்களை ஒன்றாகச் சேர்த்துக் குண்டூசி குத்தினார். "பேரு, கதவு எண், தேதி, அலுவலக முத்திரை எல்லாம் இருக்கு. பன்னண்டு வருசம் தொடர்ந்து குடியிருப்பு. இதைவிட நல்ல ஆதாரம் இந்தக் கட்டடத்துலயே யார்கிட்டயும் இல்ல. தண்ணி ஊத்துறதுக்கெல்லாம் வூடு மறுக்க முடியாதும்மா." சுமலதா பக்கம் திரும்பினார். "வந்து கையெழுத்துப் போடுங்க."

குள்ளம்மாள் காலிப் பையைப் பிடித்தபடி நின்றாள். தன் கையாலேயே பத்திரம் எழுதிக் கொடுத்தது போல இருந்தது.

சுமலதா கையெழுத்துப் போட்டுவிட்டு அவளைக் கடந்து போனாள். குள்ளம்மாள் விடவில்லை. "எம்மனுவ வெச்சே வூட்ட வாங்கிட்டியேடி! குருட்டு அதிர்ஷ்டம்டி உனக்கு."

சுமலதா நின்றாள். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"ரசீதுக்குத்தானேக்கா வருசா வருசம் ஊத்துனேன்."