படிகள் இல்லாத ஏணி

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பிற்பகல் வெயில் நுண்ணோக்கியின் மேல் விழுந்து கிடக்கிறது. மூன்று மாதமாகப் பழ ஈக்களின் கருக்களுக்குச் சாயமேற்றிப் பார்த்துவரும் தாரணி, அதன் பக்கத்தில் நிற்கிறாள். நல்ல கருவில் நரம்புகள் குட்டி ஏணிபோல் வளர்கின்றன. ஒரு மரபணு பிறழ்ந்த கருவிலோ இரண்டு நெடுங்கோடுகள் மட்டுமே ஓடுகின்றன, குறுக்குப் படிகளே இல்லை. துறைத் தலைவர் சதாசிவம் அவளுடைய கண்ணாடித் தகட்டைக் குப்பைத்தொட்டிக்கு மேல் பிடித்திருக்கிறார். “சாயம் ஏறல லா. எல்லாம் ரோசாக், கெட்டுப்போச்சு.” தாரணிக்குக் காது மடல் சுடுகிறது. தகட்டைச் சட்டென்று வாங்கி நுண்ணோக்கியில் வைக்கிறாள். “இதே தகட்டுல நல்ல கருவும் இருக்கு சார். அதுல படியெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. சாயம் தப்புன்னா அது மட்டும் எப்படித் தெரியும்? குனிஞ்சு பாருங்க.” அவர் குனிகிறார். குளிர்காற்றை ஊதியபடி ஏர்கோன் முனகுகிறது. நுண்ணோக்கியின் திருகைத் திருப்புகிறார், மறுபடியும் திருப்புகிறார். நிமிரும்போது முகத்தில் புதிதாய் ஒரு சிரிப்பு. “இதப் பத்தின ஆய்வுக் கட்டுரைய நான் எழுதிக்கிறேன்மா. என் பேரு முதல்ல வரட்டும்.” தாரணி தகட்டை உருவுகிறாள். அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு கிழியுமளவு பேனாவை அழுத்தித் தன் முழுப் பெயரை எழுதி, அவர் கண்ணுக்கு நேராக நீட்டுகிறாள். “முதல்ல இதப் படிங்க சார்.”