இருந்து பார்த்த அரையிறுதி

"இன்னும் இறுக்கிக் கட்டு. ஆள் அசையக்கூடாது" என்றார் சச்சிதானந்தன்.

பஸ்ரியன் முழங்காலை ஊன்றி, இடுப்பில் உடுக்கும் சாரத்தைக் கயிறாக்கிப் போட்ட முடிச்சை இழுத்தான். சோபாவோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த வீரக்குட்டிக்குக் கண் பிதுங்கியது. "மூச்சு விடவாவது கொஞ்சம் இடம் வைங்க, சச்சி அண்ணன்!"

ரீவியில் பிரேசிலும் சுவீடனும் மைதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. தொண்ணூற்று நாலாம் ஆண்டு உலகக் கோப்பை, அரையிறுதி ஆட்டம்.

ரொறன்ரோ வெலஸ்லி வீதியில் ஏழாம் மாடி வீடு அது. ஒரே ஒரு படுக்கையறை. வாடகை லீஸில் மூன்று பேருடைய பெயர் இருந்தது, உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். கட்டடத்தைக் கவனிக்கும் சூப்பரின்ரென்டன் ஒருதரம் வந்து தலையை எண்ணினால் அன்றைக்கே மூட்டை முடிச்சுத்தான்.

மற்றவர்கள் எங்கேயாவது போய்ச் சுருண்டுகொள்வார்கள். சச்சிதானந்தனால் அது முடியாது. கொழும்பில் இரண்டு வருடமாகக் காத்திருக்கும் மனைவி பாலேஸ்வரியைக் கூப்பிடும் இமிகிரேசன் கடிதம் இந்த விலாசத்துக்குத்தான் வரவேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டுக்குக் குடிவந்தார் நீக்கிலாப்பிள்ளை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். பிரேசில் கோல் போட்டதும் மேலே ஏழு பேரும் எழும்பிக் குதிப்பார்கள். உடனே அவர் வீடு கூட்டும் தும்புத்தடியால் கீழேயிருந்து சீலிங்கில் இடிப்பார். டொக், டொக், டொக். 

போன சனிக்கிழமை பிரேசில் மூன்றுக்கு இரண்டு என்று ஒல்லாந்தை வென்றபோது, குதித்த குதியில் சுவர்க் கலண்டரே கழன்று விழுந்தது. மறுநாள் எலிவேற்றருக்குள் நீக்கிலாப்பிள்ளையும் மனைவியும் ஏறினார்கள். மனைவி முன்னால் நிற்க, பெரியவர் சச்சிதானந்தனின் காதருகே குனிந்தார்.

"நேற்று மூண்டு தரம், என்ன?"

"ஓம் அங்கிள், மூண்டு தரம்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி நடக்காது."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். மனுசன் கோபத்தை அடக்குகிறார், அடுத்ததாகச் சூப்பரின்ரென்டனிடம்தான் போகப்போகிறார் என்று சச்சிதானந்தன் முடிவுகட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சட்டம் போட்டார். இனிமேல் இந்த வீட்டில் பந்தாட்டத்தை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பு வீரக்குட்டி துள்ளினான். "இருந்து பாக்கிறதுக்கு இதென்ன கலியாண வீடா? எங்கட ஊர் வெபர் மைதானத்து மதில்ல ஏறி நிண்டு பாத்தவன் நான்!"

"ஸ்ரேடியத்தில கதிரை போட்டு வைச்சிருக்கிறாங்கள். அது என்னத்துக்கு? ஏறி நிக்கவோ?"

"நிண்டு களைச்சா இருக்கிறதுக்கு."

வாக்குவாதம் மூன்று நாள் நடந்தது. கடைசியில் வீரக்குட்டிதான் இறங்கி வந்தான். "சரி, பாலேஸ்வரி மச்சாள் வந்து சேரவேணும், அதுக்காக இருக்கிறன். ஆனா என்ட கால் என்ட பேச்சைக் கேக்காது. கட்டிப்போடுங்க."

அதனால்தான் சாரம்.

ஆட்டம் உயிரை வாங்கியது. எண்பது நிமிடமாகியும் கோல் இல்லை. பிறகு வலப்பக்கத்திலிருந்து வந்த பந்தைக் குட்டையான பிரேசில்காரன் ஒருவன் எகிறித் தலையால் இடித்தான். கோல்!

ஒருவரும் எழும்பவில்லை. பஸ்ரியன் தலையணையைக் கடித்தான். வீரக்குட்டி சோபாவையும் தூக்கிக்கொண்டு அரை அங்குலம் உயர்ந்து, சச்சிதானந்தன் பார்த்த பார்வையில் மெல்ல இறங்கினான். அவன் கண்ணில் நீர் முட்டியது. கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சச்சிதானந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நிமிடம் போயிருக்கும். யாரோ கதவைத் தட்டினார்கள்.

கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்த சச்சிதானந்தன், ஒளியச் சொல்லிப் பின்னால் கையை வீசினார். வெளியே நீக்கிலாப்பிள்ளை, கையில் தும்புத்தடியோடு. ஐந்து பேர் நுனிக்காலில் ஓடிக் குளியலறைக்குள் அடைந்தார்கள். கட்டோடு கிடந்த வீரக்குட்டிமேல் ஒரு போர்வை விழுந்தது. பாலேஸ்வரியின் கடிதம் இனி யார் கைக்குப் போகுமோ என்று நினைத்தபடி சச்சிதானந்தன் கதவைத் திறந்தார்.

"அங்கிள்... சத்தம் ஏதும் கேட்டதோ?"

"இல்லை."

"நாங்கள் இருந்துதான் பாக்கிறம். சூப்பரின்ரென்டனிட்டை மட்டும் போயிடாதேங்கோ. சத்தியமா ஒருத்தரும் எழும்பேல்லை."

பெரியவரின் முகம் வாடிப்போனது. "ஒருக்காக்கூட எழும்பேல்லையோ?"

"ஒருக்காக்கூட இல்லை, அங்கிள்."

நீக்கிலாப்பிள்ளை படிக்கட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மனிசி குளிக்கிறா, அவ வாறதுக்குள்ள கெதியாச் சொல்லும். பிறசர் கூடுமெண்டு அவ என்னை ரீவிப் பக்கமே விடுறேல்லை..."

"அதுக்கு, அங்கிள்?"

"நீங்கள் எழும்பாட்டி, கோல் விழுந்தது எனக்கு எப்பிடித் தெரியும்?"