எதிர் வீட்டுக் கதவு

ஊசி போட்டுக்கொண்ட நேரம் பார்த்து அடுப்பு அணைந்துபோனது.

சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள். காலி. பாத்திரத்தில் பாதி வெந்த அரிசி ஒரு தடவை புரண்டு அப்படியே அடங்கியது.

இன்சுலின் உள்ளே போய்விட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. வயிற்றில் ஏதாவது விழுந்தே ஆக வேண்டும். ஆறு வயதில் சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து அவளுக்கு இது மனப்பாடம்.

பள்ளிக்கூடம் முடிந்த கையோடு வீட்டை விட்டு வந்தவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. தானே சமைப்பது, தானே ஊசி போட்டுக்கொள்வது, விடிந்ததும் ஒரு நடை, இனிப்பு என்ற பேச்சே வீட்டுக்குள் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு, ஐந்து மாதமாக இம்மி பிசகாமல் நடந்து வருகிறாள்.

அவசரத்துக்கு வைத்திருந்த குளுக்கோஸ் டப்பா மட்டும் தீர்ந்துபோயிருந்தது. வாங்கணும், வாங்கணும் என்றே நாள் ஓடிவிட்டது.

போதாக்குறைக்கு, இன்று ஞாயிறு என்று காலையில் வழக்கத்தைவிட அதிக தூரம் நடந்துவிட்டு வந்திருந்தாள்.

முதலில் விரல்கள் நடுங்கின. பிறகு பிடரியில் சில்லென்று வியர்த்தது. கடை தெருமுனையில்தான். ஆனால் படிகளை நினைத்ததுமே கால் வெலவெலத்தது.

கைபேசியை எடுத்தாள். அப்பாவின் எண்தான் முதலில் இருந்தது.

அவர் வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். உடம்பு அதுவரை பொறுக்காது. அவள் போனைக் கீழே வைத்ததற்கு அது மட்டுமே காரணமா என்றால், இல்லை.

அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவளும் அவரும் மட்டுமே இருந்த வீடு. காலையில் ஊசியைப் போட்டுவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்து, கடைசி வாய் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். அவள் கிளம்பிய அன்று வாசலை மறித்துக்கொண்டு, “ஒரு வாரம் தாங்க மாட்ட” என்றார்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “தாங்கிக் காட்டறேன். நானா கூப்பிடற வரைக்கும் என்னைத் தேடி வரவே கூடாது.”

அவர் வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. மனுஷர் இப்படி அட்சரம் பிசகாமல் சொன்னதைக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முதல் மாதம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அப்படி இல்லை.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

இந்தக் கட்டடத்தில் ஒருவரும் அவளுக்குப் பழக்கமில்லை. எதிர் வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் தெரியும். ஓட்டுகிற ஆளைத் தெரியாது. அந்தக் கதவைத்தான் தட்டினாள்.

கழுத்தில் இஞ்சு டேப்புடன் ஓர் அம்மாள் திறந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினார். ஜூஸ் பாக்கெட்டில் ஸ்ட்ராவைக் குத்திக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

“முழுசாக் குடி. நடுக்கம் நிக்கற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அப்புறம் ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும், சரியா?”

குடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மெஷின், துணிக்குவியல், ஜன்னல் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்தன. புத்தி கடைசியாக வந்தது.

“நான் ஒண்ணுமே சொல்லலையே ஆன்ட்டி. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தையல்கார அம்மாள் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

“உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். என்னை என்ன பண்ணப் போறார், பார்த்துக்கலாம். உங்கப்பாதான்மா. நீ குடிவந்த மறுநாளே வந்து எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுப் போனார். மாசாமாசம் வருவார், நீ வேலைக்குப் போயிருக்கற நேரமாப் பார்த்து. பழைய ஜூஸை எடுத்துட்டுப் புதுசு வைப்பார். கீழ் வீட்டுலயும் குடுத்து வெச்சிருக்கார்.”

அவள் கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“போன தடவை மட்டும் ஞாயித்துக்கிழமை வந்துட்டார். நேரா உன் கதவுகிட்டப் போய்த் தட்டறதுக்குக் கையைக்கூடத் தூக்கிட்டார். உள்ள நீ பாடிட்டு இருந்த. அப்படியே நின்னு பாட்டு முடியற வரைக்கும் கேட்டார். ‘பிள்ளை சந்தோஷமா இருக்கா, நாம போய்க் கெடுக்க வேணாம்’னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டார்.”

அவள் ஸ்ட்ராவை உறிஞ்சினாள். வெறும் காற்றுதான் வந்தது.

பாடுவது உண்மைதான். சனிக்கிழமை கடையைச் சாத்தினால் திங்கள் காலைவரை அவளோடு பேச ஓர் ஆள் கிடையாது. அறைக்குள் ஏதோ ஒரு குரல் கேட்கட்டுமே என்றுதான் பாடுவாள்.